மூன்றாம் மாடி வயர்

எண்பத்தெட்டாம் வருஷம் பம்பாயில் மழை பிடித்த அதே வாரத்தில்தான் அந்த ஆபீஸின் மூன்றாம் மாடிக்கு வயரும் வந்தது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. கறுப்பாக, வழவழவென்று, சுவரோரத்துத் தரையில் ஒரு மேஜைக்காலிலிருந்து இன்னொரு மேஜைக்காலுக்குப் போனது. மேனேஜர் அறையில் தொடங்கி, ஹாலைச் சுற்றி, சபுராவின் டெலக்ஸ் மேஜைக்கு வந்து முடிந்தது. வழியில் ஆறு கம்ப்யூட்டர்கள்.

பலார்ட் பியரில் அது ஒரு கப்பல் ஏஜென்சி. துறைமுகத்துக்கு வரும் கப்பலில் என்ன சரக்கு, யாருக்கு, எத்தனை பெட்டி என்று காகிதம் தயாரித்துக் கஸ்டம்ஸுக்குக் கொடுப்பது வேலை. நாற்பது பேர் அதைத்தான் எழுதினார்கள், சரிபார்த்தார்கள், பிரதி எடுத்தார்கள். எழுதிய காகிதத்தை மேஜைக்கு மேஜை கொண்டுபோகச் சிப்பாய்கள் இரண்டு பேர். பம்பாய் ஆபீஸ்களில் பியூனைச் சிப்பாய் என்றுதான் சொல்வார்கள். ஒருவன் சாவந்த். இன்னொருவர் சபுராவின் கணவர் நாகூர் கனி.

கனிக்கு அந்த மாடியில் பத்தொன்பது வருஷம். கடையநல்லூரில் எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்பிங்கும் முடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு தாராவியில் சால் என்னும் வரிசை வீடு ஒன்றுக்குக் கூட்டி வந்தவர், சூப்பரின்டென்டென்ட் அனந்தகிருஷ்ணனிடம் சொல்லி அவளை டெலக்ஸில், தந்தி மாதிரி செய்தி தட்டி அனுப்பும் மிஷினில், உட்காரவைத்தார். ஏழு வருஷமாகியும் அவள் டெம்பரரிதான். அதனால் யூனியனில் சேர்க்கவில்லை. கம்ப்யூட்டரை ஒருத்தரும் தொடக்கூடாது என்று யூனியன் தீர்மானம் போட்டபோது அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாத ஆள் மாடியில் அவள் ஒருத்திதான். டெலக்ஸ் மிஷினை அக்டோபரோடு எடுக்கப்போகிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள். கற்றுக்கொள், இல்லை வீட்டுக்குப் போ. அவ்வளவுதான் விஷயம்.

கற்றுத் தர வந்தவள் செம்பூரிலிருந்து வந்த ஷ்யாமளா. வயர் போட்ட கம்பெனியின் இன்ஜினீயர். இருபத்து நாலு வயது. சபுராவைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். சல்வார் முழங்காலில் அழுக்குப் பட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டுத்தான் பாடம் நடத்துவாள். எதிரே சபுரா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு சம்மணம் போட்டிருப்பாள். மேஜைகளில் இருந்தவர்கள் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

"டெலக்ஸ்ல என்ன பண்றேள் அக்கா? அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் நீங்கோ. லைன் உங்க ரெண்டு பேருக்குத்தான். இது அப்படி இல்லை. ஒரே வயர்ல ஆறு பேர். ஒருத்தர் பேசினா அஞ்சு பேர் காதுலயும் விழும்."

"அப்ப ரகசியம்னு ஒண்ணும் கெடயாதா?"

"விழும். ஆனா தன் நம்பர் போட்டு வந்ததை மட்டும் எடுத்துக்கும். மத்ததை விட்டுடும்."

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசிட்டா?"

"முட்டிக்கும். உடனே ரெண்டு பேரும் வாயை மூடிண்டு சித்த நேரம் சும்மா இருப்பா. ஒருத்தர் கொஞ்சம் கம்மியா, ஒருத்தர் கொஞ்சம் ஜாஸ்தியா. அப்பறம் மறுபடி பேசுவா."

சபுராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க சால்ல தண்ணிக் கொழாய்ல இப்படி ஒருத்தியும் இருக்க மாட்டா."

ஷ்யாமளா சிரித்துக்கொண்டே வயரின் முனையில் இருந்த சின்ன உலோக மூடியைத் திருகிக் கழற்றிக் காட்டினாள். அதே மாதிரி ஒன்று மேனேஜர் அறையில் மறு முனையிலும் இருந்தது. அந்த மூடி இல்லாவிட்டால் பேசிய பேச்சு முனையில் முட்டித் திரும்பி வந்து, வருகிற பேச்சையெல்லாம் கெடுத்துவிடுமாம். பிறகு கைப்பையிலிருந்து மஞ்சள் மீட்டரை எடுத்தாள்.

"ஒரு மூடி அம்பது ஓம். ரெண்டும் சரியா இருந்தா மீட்டர் இருபத்தஞ்சு காட்டணும். அம்பது காட்டித்துன்னா எங்கேயோ அறுந்திருக்கு. சைபர் காட்டித்துன்னா உள்ளே இருக்கற கம்பியும் சுத்தி இருக்கற வலையும் ஒண்ணை ஒண்ணு தொட்டுண்டிருக்கு. அது ஒரு எடத்துல ஆனாலும் போறும். ஆறும் படுத்துடும்."

"எங்கனு எப்படிக் கண்டுபிடிக்க?"

"நடுவுல பிரிக்கணும். ரெண்டு பக்கமும் பாக்கணும். கெட்ட பக்கத்தை மறுபடி நடுவுல பிரிக்கணும். அவ்வளவுதான்."

சபுரா அதையெல்லாம் தமிழில், டெலக்ஸ் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். மூன்று வாரத்தில் எந்த மேஜைக்கு எந்த நம்பர் என்பது மனப்பாடமாயிற்று. ஒரு மிஷின் ஏன் கூப்பிட்டால் பேசவில்லை என்று தானே கண்டுபிடித்துச் சரிசெய்த அன்றைக்கு, வி.டி. ஸ்டேஷன் வரை நடப்பதுகூடத் தெரியாமல் நடந்து போனாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூறு வாங்கியதற்கு அப்புறம் அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

வீட்டில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கும்பார்வாடாக் குயவர்களின் சூளைப்புகை மழைக்கு மேலே போகாமல் சந்துக்குள்ளேயே கவிந்து நிற்கும் சாயங்காலம். புளியாணம் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் மெஹராஜ் டியூஷனுக்குப் போயிருந்தாள். கனி கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து, மழையில் நொந்த கால் விரலிடுக்கில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சபுரா நெத்திலிக் கருவாட்டை வறுத்தபடியே சொன்னாள்.

"நீங்க ஒரு பேப்பரைக் கொண்டு போறிய. மேல பேரு எழுதியிருக்கும். அந்த மேசைல போய் வைக்கிய. அதேதாங்க. வயரும் அப்படித்தான், மேல நம்பர் போட்டு அனுப்புது. பேப்பர் பெரிசா இருந்தா துண்டு துண்டாக் கிழிச்சி, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கனி எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தார். "வயருக்கு லீவு உண்டுமா?"

"என்ன?"

"ரம்சானுக்கு, ஊருக்குப் போக, காய்ச்சலு. ஒண்ணும் கெடயாதுல்லா?"

"அதுவும் படுக்கும்," என்றாள் அவசரமாக. அவரைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னாள். "ஒரு எடத்துல உள்கம்பியும் வெளிக்கம்பியும் தொட்டாப் போதும், ஆறும் படுத்துரும். அம்புட்டு நோஞ்சான் அது."

"ஓ," என்றார் கனி. சோறு போடச் சொன்னார்.

மறுநாளுக்கு மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்கும் வரிசையில் சபுரா குடத்தோடு நின்றபோது பூலோகம் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். வள்ளியூர்க்காரன். அதே ஆபீஸில் பில் கிளார்க், யூனியன் செகரட்டரி. இரண்டு சந்து தள்ளி வீடு. கனியை அண்ணாச்சி என்றும் சபுராவை மதினி என்றும்தான் கூப்பிடுவான். அவளுடைய பிரசவத்துக்கு சயான் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடித்துக் கொடுத்தவன்.

"என்ன மதினி, வயரு நல்லா இருக்கா?"

"இருக்கு."

"மழைக்காலம். எலி கிலி கடிச்சிரும். பாத்துக்கிடுங்க."

"எலிக்கு மருந்து வச்சிருக்காங்க."

"எல்லா எலியும் மருந்து திங்காது மதினி." அவன் குரலில் கோபமே இல்லை. "நான் ஒங்களக் குத்தம் சொல்லல. வீட்டுல ஒருத்தராவது வேலைல நிக்கணும்னு நெனைக்கிய. நானும் அப்படித்தான் நெனைப்பேன். ஆனா எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான். மூணு பொம்பளப் புள்ளைய."

அவளுடைய முறை வந்தது. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

அந்த வாரத்திலிருந்து வயர் படுக்கத் தொடங்கியது. முதல் தடவை ஒரு மேஜையில் திருகாணி கழன்றிருந்தது. இரண்டாம் தடவை முனை மூடியையே காணோம். ஷ்யாமளா செம்பூரிலிருந்து ஓடி வந்து சரிசெய்தாள். மூன்றாம் தடவை வந்தபோது அவள் சிரிக்கவில்லை. மீட்டரைச் சபுரா மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மாடியில் பேச்சுக் குறைந்தது. சபுரா கேன்டீனில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்கள். மேனேஜர் ஹாலுக்கு வந்து, இனி ஒரு தடவை நடந்தால் போலீஸைக் கூப்பிடுவேன், பிடிபட்டவனுக்கு ஒரு நயா பைசா கிடைக்காது என்று ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் சொல்லிவிட்டுப் போனார். யாரும் தலை நிமிரவில்லை. கனி மட்டும் டீ தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஜூலைக் கடைசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு ஆறு கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தின. வெளியே கடலில் ஒரு கப்பல் உள்ளே வரக் காத்திருந்தது. பன்னிரண்டு மணிக்குள் அதன் காகிதம் கஸ்டம்ஸுக்குப் போக வேண்டும். ஷ்யாமளாவுக்குப் போன் போட்டார்கள். குர்லாவில் தண்டவாளம் மூழ்கி ஹார்பர் லைனில் வண்டியே இல்லை. அவள் போனில் சபுராவைக் கேட்டாள்.

"அக்கா, மீட்டர் இருக்கோல்லியோ? என்ன காட்டறது?"

"சைபர்."

மறுமுனையில் மழை இரைச்சலுக்கு மேலே ஷ்யாமளா சத்தமாகச் சொன்னாள். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்கோ. நடுவுல பிரியுங்கோ. பதறாதேங்கோ. உங்களுக்குத் தெரியும்."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சபுரா மீட்டரோடு மூன்றாவது மேஜைக்குப் போய் மண்டியிட்டாள். பிரித்தாள். தன் பக்கம் ஐம்பது. நல்லது. மேனேஜர் அறைப் பக்கம் சைபர். இரண்டாவது மேஜைக்குப் போனாள். அங்கே பிரித்து மேனேஜர் பக்கம் பார்த்தாள். ஐம்பது. அதுவும் நல்லது.

அப்படியானால் கெட்டது இரண்டாவது மேஜைக்கும் மூன்றாவது மேஜைக்கும் நடுவில் கிடக்கும் பன்னிரண்டடி வயர். அந்தப் பன்னிரண்டடியில் மேஜை எதுவும் இல்லை. ஒரு தூண். தூணை ஒட்டிச் சிப்பாய்கள் உட்காரும் பெஞ்சு. சாவந்த் கொங்கணத்துக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாளாகிறது.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி வைத்துப் பார்த்தாள். அது மாறவில்லை. கணக்கு சரியாக வந்தது. அவள் கற்றுக்கொண்டது ஒன்றுகூடப் பிசகவில்லை.

முழங்காலில் தவழ்ந்து, வயரை விரலால் நீவிக்கொண்டே பெஞ்சு வரைக்கும் போனாள். பெஞ்சில் கனி உட்கார்ந்திருந்தார். அவள் வருவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல், இரண்டு காலையும் மெல்லத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். வீடு பெருக்கும்போது தூக்கிக்கொள்வது மாதிரி.

பெஞ்சுக்கு அடியில், சுவரைத் தொடும் இடத்தில், விரலில் அரிசிக் குருணை மாதிரி ஒன்று இடறியது. தலையை நறுக்கிவிட்டுக் குத்தியிருந்த குண்டூசி. கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். நாக்கில் இரும்பு கரித்தது.

முந்தானை முனையில் அதை முடிந்துகொண்டு, பிரித்ததையெல்லாம் மாட்டிவிட்டுத் தன் மேஜைக்கு வந்து மீட்டரை வைத்தாள். இருபத்தைந்து.

மிஷின்கள் ஒவ்வொன்றாக உயிர் பிடித்தன. மேனேஜர் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். பூலோகம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என் மேசை மூடி சாப்," என்று ஹிந்தியில் சொன்னாள் சபுரா. "நேத்து நான்தான் சரியாத் திருகாம விட்டுட்டேன். என் தப்பு."

மேனேஜர் அவளையும் கடிகாரத்தையும் பார்த்தார். கப்பல் காகிதத்தை முதலில் முடி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஐந்து மணிக்கு அனந்தகிருஷ்ணன் தன் கண்ணாடி அறைக்கு அவளைக் கூப்பிட்டார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர். முப்பத்திரண்டு வருஷமாகக் கப்பல் ரிஜிஸ்தரைத் தன் கையால் எழுதி வந்தவர். வயர் வந்த பிறகு ரிஜிஸ்தர் மேஜை மேல் மூடியே கிடந்தது. அவர் அதன்மேல் கையை வைத்தபடி பேசினார்.

"ஒக்காரு சபுரா. உன் மேஜையில லூசா இருந்ததை முடுக்க நீ எதுக்குத் தூணாண்டை போய்த் தவழ்ந்தே?"

அவள் முந்தானை முடிச்சை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நான் கேக்கலை. கேட்டு நீ சொல்லிட்டா நான் எழுதியாகணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. பன்னெண்டு பேரோட பேர் குடுன்னு மேனேஜர் கேட்டிண்டிருக்கார். ஆகஸ்ட்டிலேர்ந்து வேண்டாம்கற பேர். பத்து நாளா நான் தள்ளிண்டு வரேன். இந்த வேலையைப் பண்ணினவன் ஒருத்தன் பேர் கெடைச்சுதுன்னா அதை வெச்சுண்டு நான் பேசிப் பாக்கலாம். கோபம் அவன் மேல எறங்கிடும். பாக்கிப் பேரைக் காப்பாத்திடுவேன்னு எனக்கு ஒரு நம்பிக்கை."

"போலீசுக்குக் குடுப்பாங்களா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "குடுப்பார். அதை நான் தடுக்க முடியாது." துடைத்து மாட்டிக்கொண்டார். "நாளைக்குப் பத்து மணி வரைக்கும் தள்ளறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

அன்று அவள் பெண்கள் பெட்டியில் ஏறவில்லை. கனியோடு ஆண்கள் கூட்டத்தில் நசுங்கி நின்றாள். தாதரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. அரை மணி கழித்து ஆட்கள் குதிக்க ஆரம்பித்தார்கள். முன்னால் முழங்கால் தண்ணீராம். கனி முதலில் இறங்கி அவளுக்குக் கை கொடுத்தார்.

தண்டவாளத்தோரமாக ஜனங்கள் வரிசையாக நடந்தார்கள். ஏழு மணிகூட ஆகவில்லை. ஆனால் வானம் சாம்பல் கரைத்த மாதிரி இருந்தது. எதிர்த் தடத்தில் ஒரு வண்டி எல்லா விளக்கும் எரிய, ஒரு ஆள்கூட இல்லாமல் நின்றிருந்தது. எங்கே ஜல்லி, எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. முன்னால் போனவர் தோளில் பின்னால் வந்தவர் கை வைத்துக்கொண்டார். சபுராவின் கை கனியின் நனைந்த காக்கிச் சட்டையில் இருந்தது. முகத்தைப் பார்க்காமல் கேட்பதற்கு அது வசதியாகத்தான் இருந்தது.

"குத்துனது நீங்கதானா?"

அவர் திரும்பாமல் நடந்துகொண்டே சொன்னார்.

"நீதானளா சொன்ன. ஒரு எடத்துல தொட்டாப் போதும், ஆறும் படுத்துரும்னு."

"நான் ஒங்கள்ட்ட கதையால்லா சொன்னேன்."

"நானும் கதையாத்தான் கேட்டேன். பூலோகம் வந்து நின்னப்ப அது கதையா இல்ல." அவர் தண்ணீருக்குள் காலால் துழாவி ஒரு கட்டையைக் கண்டுபிடித்து ஏறினார். "'அண்ணாச்சி, ஒம்ம வீட்டுலதான் அந்த மெசினு சோறு திங்குது. நீரு எந்தப் பக்கம்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கிட?'ன்னு கேட்டான். கேன்டீன்ல எல்லாரும் நிக்கானுவ. பத்தொம்பது வருசமா என் கையால டீ வாங்கிக் குடிச்ச பயலுவ. ஒருத்தன் வாயத் தொறக்கல. நான் என்ன சொல்லட்டும்? பொண்டாட்டி பக்கம்னா?"

"சொன்னா என்ன?"

"சொல்லிட்டு அந்த பெஞ்சுல எப்படி ஒக்காருவேன்?"

பின்னால் யாரோ ஒரு பெண் கால் தவறி விழுந்தாள். வரிசை நின்றது. தூக்கிவிட்டார்கள். மறுபடி நகர்ந்தது. மாட்டுங்கா பிளாட்பாரம் தெரிந்தபோது சபுரா அனந்தகிருஷ்ணன் சொன்னதைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லி முடித்தவுடனே தோன்றிவிட்டது. பயப்படட்டும், வாயை மூடிக்கொண்டு கிடக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவர் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டார்.

"பன்னெண்டு பேரா?"

"ஆமா."

"சாவந்து இருப்பானோ?"

"இருப்பான்."

"பூலோகம்?"

"இங்க பாருங்க, நீங்க ஒண்ணும் யோசிக்கப்படாது. என் தப்புன்னு நான் சொல்லியாச்சு. மூடி லூசு. முடிஞ்சு போச்சு."

"ஆவட்டும்," என்றார் கனி.

அந்த 'ஆவட்டும்' அவளுக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் பெட்டி கட்டும்போது, இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டப் போகும்போது, திரும்பிப் பேச ஒன்றும் இல்லாத வேளையில்தான் அவர் அப்படிச் சொல்வார்.

காலையில் மழை விட்டிருந்தது. கனி பித்தளைச் செம்பில் கங்கு போட்டுக் காக்கி உடுப்பைத் தானே தேய்த்தார். மெஹராஜ் "வாப்பா, இன்னைக்கி என்ன ஃபங்ஷன்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, நேத்துத் துணி நனைஞ்சிட்டு" என்றார். தேங்காய்ச் சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். ரயிலில் சபுரா பெண்கள் பெட்டியில் ஏறினாள். வி.டி.யில் இறங்கிப் பார்த்தபோது அவர் காத்திருக்கவில்லை. முன்னால் போய்விட்டார்.

அவள் மாடி ஏறியபோது பத்தாக ஐந்து நிமிஷம். பெஞ்சு காலியாக இருந்தது. அனந்தகிருஷ்ணனின் கண்ணாடி அறைக்குள், மேஜைக்கு முன்னால், தேய்த்த காக்கியில் ஒரு முதுகு. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். அனந்தகிருஷ்ணன் போனில் பேசிக்கொண்டே, இரு என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சபுராவின் மேஜையோரம் பிரிண்டர் சத்தம் போட்டு விழித்தது.

மாடிக்கே பிரிண்டர் அது ஒன்றுதான். ஆறு மிஷினில் எதிலிருந்து அனுப்பினாலும் காகிதம் அவளிடம்தான் வந்து விழும். போன வாரம் மேனேஜருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். யாரையும் நம்பாமல் அவரே இரண்டு விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார் நாலு நாளாக. அனுப்பினால் எங்கே போய் விழும் என்பதை மறந்திருப்பார்.

முதல் வரி இடமிருந்து வலமாக வந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி முதல் தேவைப்படாதவர்கள். அடுத்த வரி, பதவி வரிசையில் முதல் பெயர். அனந்தகிருஷ்ணன், சூப்பரின்டென்டென்ட்.

சபுரா நின்றபடியே படித்தாள். பிரிண்டரின் ஊசித்தலை போய்ப்போய் வந்தது. ஐந்தாவது பூலோகம். பன்னிரண்டாவதில் நிற்கும் என்று பார்த்தாள். பதின்மூன்று வந்தது. பதினான்கு வந்தது. பதினேழாவது, காகிதத்தின் கடைசி வரி, நாகூர் கனி, சிப்பாய்.

கண்ணாடிக்குப் பின்னால் அனந்தகிருஷ்ணன் போனை வைத்தார். கனியின் தலை அசைந்தது. பேச ஆரம்பித்துவிட்டார்.

அவள் காகிதத்தைத் துளைவரிசையில் கிழித்துக்கொண்டு ஓடினாள். ஏழு வருஷத்தில் அந்த மாடியில் அவள் ஓடியதில்லை. கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"...நேத்து அந்த வயரு விசயமா சார்," என்று கனி சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன சபுரா இது?" அனந்தகிருஷ்ணன் முகம் சுளித்தார்.

"பிரிண்ட் வந்துருக்கு சார்," என்று காகிதத்தை ரிஜிஸ்தரின் மேல் வைத்தாள். மூச்சு வாங்கியது.

அவர் ரிஜிஸ்தர் படிக்கிற வழக்கப்படி ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தார். விரல் கீழே இறங்கவில்லை. அங்கேயே நின்றது. வெகுநேரம் நின்றது.

கனிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருஷமாகக் கவரின் மேல் பெயர் பார்த்து மேஜைக்கு மேஜை கொடுத்தவர். எந்தப் பெயரையும் எந்தப் பக்கமிருந்தும் அவரால் படிக்க முடியும். தலைகீழாகக் கிடந்த காகிதத்தின் கடைசி வரியைப் படித்தார். பிறகு விரல் நின்ற வரியைப் படித்தார். சபுராவைப் பார்த்தார். அவள் தலையை மிக லேசாக, வேண்டாம் என்று அசைத்தாள்.

"என்னமோ சொல்ல வந்தேளே, கனி?" அனந்தகிருஷ்ணன் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். எப்போதும் 'நீ' என்று கூப்பிடுகிறவர்.

கனி பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்துக்கொண்டார்.

"டீ கொண்டாரட்டுமான்னு கேக்க வந்தேன் சார்."

"கொண்டு வாங்கோ."

கனி வெளியே போனார். சபுராவும் பின்னால் வந்தாள். ஹாலில் பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது காகிதம் பாதிக்கு மேல் வந்து மேஜையிலிருந்து தொங்கிற்று. முதல் காகிதம் உள்ளே ரிஜிஸ்தரின் மேல் கிடந்தது. பூலோகம் தன் இடத்தைவிட்டு எழுந்து வந்து, யூனியன் தீர்மானப்படி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், குனிந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரன், வாட்ச்மேன்கள், பெருக்குகிறவர்கள். காகிதம் முடிந்து சத்தம் நின்றது. அவன் நிமிர்ந்தான். நெற்றி முழுக்க வேர்வை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒங்க அல்லா காப்பாத்திட்டான் மதினி," என்றான் தாழ்ந்த குரலில். "எம் பேரும் இல்ல, அண்ணாச்சி பேரும் இல்ல."